பேப்பர் மேலே ஒரு வாழை இலை

முப்பிடாதி பேப்பரை விரித்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பயப்படாதீர்கள், விபத்து ஒன்றும் இல்லை. நர்ஸிங் படிக்கிற பிள்ளை ஒருத்தி, பண்பொழிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, தரையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக நான் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் செய்கிற காரியம் அது. ஆனால் அன்று என் பக்கத்தில் ரெஜினா மேடம் நின்றுகொண்டிருந்தார்.

மேடம் எங்கள் கல்லூரியின் முதல்வர். அவருக்கு அன்று திருப்தி இல்லை என்றால், புதன்கிழமைதோறும் எங்கள் பிள்ளைகளை இந்த ஊருக்கு ஏற்றி வருகிற பஸ் நின்றுவிடும். "ஒரு தடவை நானே வந்து பாக்கறேன் வடிவு. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லித்தான் வந்திருந்தார். அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஐந்தருவியில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த கதையை இந்தப் பத்தியில் இரண்டு வாரமாக நான் எழுதியதில், வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துபோயிருக்கிறது. அதனால் இந்த வாரம் வேலை விஷயம் மட்டும். இதில் யார் மானமும் போகாது, என்னுடையதைத் தவிர.

பையும் பேப்பரும்

சமுதாய நலச் செவிலியம் என்று ஒரு பாடம். நான் நடத்துவது அதைத்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியைப் பார்ப்பது ஒன்று, ஆஸ்பத்திரிக்கு வராத ஆளை அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு ஒரு பை உண்டு. வெப்பமானி, பிரஷர் பார்க்கும் கருவி, பஞ்சு, மருந்து என்று எல்லாம் அதற்குள் இருக்கும்.

அந்தப் பையை வெறும் தரையில் வைக்கக் கூடாது. ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகக் கூடாதில்லையா? அதனால் முதலில் பேப்பரை விரிக்க வேண்டும். அதன் ஓரத்தில் பையை வைக்க வேண்டும். சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்து, கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மற்றதைத் தொட வேண்டும். வரிசை மாறினால் மார்க் போச்சு.

பாடமாகப் பார்த்தால் அப்பழுக்கில்லாத முறை. இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை சம்மணம் போட்டு உட்காருகிறது. முன்னால் பேப்பரை விரிக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறது. துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து வீட்டுக்காரம்மாவைப் பார்க்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைக்குப் பசிக்கிறது!

முதல் வருடமே ஆரம்பித்துவிட்டது. விரித்த பேப்பரில் ஒரு வீட்டில் முறுக்கு விழுந்தது. அடுத்த வீட்டில் அவித்த கடலை. சீசன் நேரமென்றால் பலாச்சுளை. பிரஷர் கருவியைச் சுற்றி எடுத்தால் பலாப்பழ வாசம் ஆளைத் தூக்கும்.

"இது சாப்பிட இல்லம்மா, பை வைக்கதுக்கு" என்று பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள்.

"பை கெடக்கு ஒரு ஓரமா. நீ தின்னு தாயி, கூச்சப்படாத" என்பார்கள்.

மறுத்தால் கூச்சம், மேலும் மறுத்தால் கர்வம். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் வருகிற வீடு எனக்கு, உனக்கு இல்லை என்று பஸ்ஸிலேயே சண்டை போடுவார்கள். ஊருக்குள் எங்களுக்கு "பேப்பர் விரிக்கிற பிள்ளைய" என்றே பெயர் விழுந்துவிட்டது.

கோமதி என்கிற பொம்மை

நான் படித்த காலத்தில் இந்தப் பாடம் கறிவேப்பிலை மாதிரி. கடைசி வருடத்தில் கொஞ்ச நாள் ஊர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார்கள். வரைபடம் போடச் சொல்வார்கள். கிணறு எங்கே, கோயில் எங்கே, குப்பைத்தொட்டி எங்கே என்று கலர் பென்சிலால் வரைந்து கொடுத்தால் முடிந்தது. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது பாடத்திட்டம் மாறியிருக்கிறது. சமுதாய நலம் கடைசி வருடத்து ஒட்டுத்துணி இல்லை, ஆரம்பத்திலிருந்தே மற்ற பாடங்களோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிற பேச்சு வந்துவிட்டது. பிரசவ வார்டைப் படிக்கும்போதே, பிரசவம் முடிந்து அவள் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதையும் படி. இதைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். உண்மையாகவே வைத்தேன்.

என் சந்தோஷம் மேடத்தின் காதுக்கு எட்டுவதற்குள் வேறொரு யோசனை அவருக்கு வந்துவிட்டது. ஊரையே கல்லூரிக்குள் கொண்டுவந்தால் என்ன?

மாடியில் ஓர் அறையைக் காலி செய்து, மாதிரி வீடு ஒன்றைக் கட்டினார்கள். சுவரில் ஜன்னல் வரைந்தார்கள். அட்டையில் அடுப்பு செய்தார்கள். பிளாஸ்டிக் செம்பருத்திச் செடி வந்தது. கட்டிலில் ஒரு தாய் பொம்மை, மடியில் குழந்தைப் பொம்மை. தாய்க்குக் கோமதி என்று பெயரும் வைத்தாயிற்று. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றி, கோமதிக்கு மாலைகூடப் போட்டார்கள்.

கோமதி நல்ல பெண்தான். எப்போது போனாலும் வீட்டில் இருப்பாள். பதில் பேச மாட்டாள், முறுக்கு எடுத்து வைக்க மாட்டாள். மேடத்துக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

"இங்கேயே ப்ராக்டிஸ் பண்ணலாமே வடிவு. எதுக்கு பஸ், எதுக்கு டீசல்? அதோட அந்த பஸ் கம்யூனிட்டிக்குத்தான் போகுதா, குளிக்கப் போகுதா?"

இங்கே நான் கொஞ்சம் தலையைக் குனிய வேண்டியிருந்தது. எங்கள் டிரைவர் சுடலை அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். தென்காசியிலிருந்து பண்பொழிக்கு எந்த வழியில் போனாலும் நடுவில் குற்றாலம் வந்துவிடும். ஒரு புதன்கிழமை பிள்ளைகள் ஈரத் தலையோடு திரும்பியபோது மேடம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சாரல் மேடம்" என்றார்கள் பிள்ளைகள் ஒரே குரலில்.

"சாரல் தலையில மட்டும் விழுந்து, யூனிஃபார்மை விட்டுடுச்சா?" என்று கேட்டார் மேடம்.

மேடத்தைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் பல வருடம் நின்ற கை அவருடையது. ஆனால் வார்டுக்கு வெளியே உலகம் இருப்பதை அவர் அவ்வளவாக விரும்பவில்லை. கதவுக் கைப்பிடியைத் தொட்டால்கூட சானிடைசர் போட்டுக்கொள்வார்.

எனக்கோ அந்த பஸ்தான் உயிர். பொம்மையைப் பார்த்துப் படித்த பிள்ளை நாளைக்கு மனுஷியைப் பார்த்தால் என்ன செய்யும்? அந்த பஸ்ஸை விட்டுக்கொடுப்பதில்லை என்று வைராக்கியமாகவே இருந்தேன்.

அண்ணாச்சி கொண்டுபோன சேதி

மேடம் வருகிறார் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், சுடலை அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பியதுதான். அவருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு.

"அண்ணாச்சி, நாளைக்குப் பெரிய டீச்சர் வருதாவோ. பிள்ளைய பேப்பர் விரிச்சா, அந்தப் பேப்பர்ல யாரும் திங்கதுக்கு எதுவும் வைக்கக் கூடாது. கண்டிப்பாச் சொல்லிருங்க."

"அதெல்லாம் பக்குவமாச் சொல்லிருதேன், கவலைப்படாதிய" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது உண்மை. சேதியில் ஓர் எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். குறை அவரிடம் இல்லை.

நாங்கள் போன வீடு பேச்சியம்மாள் வீடு. அவர் மருமகள் மாரிசெல்விக்கு இரண்டாவது ஆண் குழந்தை பிறந்து, தீட்டுக் கழிந்திருந்தது. தாயையும் சேயையும் பார்த்துவருவதுதான் முப்பிடாதியின் அன்றைய வேலை. முப்பிடாதி சங்கரன்கோயில் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, ஆனால் மேடத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பேச்சியம்மாள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பேரனைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், வாங்க. உள்ள உக்காருங்க. இந்தப் பய ஒரு செம்புத் தண்ணிக்கு இந்தப் பாடு படுத்துதான்."

இந்த இடத்தில்தான் முப்பிடாதி பேப்பரை விரித்தாள், நான் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பை ஓரத்தில் இருந்தது. சோப்பு, தண்ணீர், துண்டு. வரிசை மாறவில்லை. மேடத்தின் முகத்தில்கூட ஒரு சின்ன இளக்கம். நான் குலசாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்போது மாரிசெல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு வாழை இலைத் துண்டு. பேப்பரின் நடுவில் அதைப் போட்டாள். மறுபடி உள்ளே போய் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்க, அப்போதுதான் கிண்டி இறக்கியது.

"பெரிய டீச்சர் இங்கன உக்காருங்க" என்றாள் மேடத்தைப் பார்த்து.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"பெரியம்மா!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். "பேப்பர்ல எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிவிட்டேம்லா?"

"ஆமா, சொன்னாவோ. பேப்பர்ல வைக்கக் கூடாதுன்னு. அதான் இலை போடச் சொன்னேன்" என்றார் பேச்சியம்மாள், குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே. "பெரிய டீச்சருக்குப் போய் வெறும் பேப்பர்லயா வைக்க முடியும்? எங்களுக்குத் தெரியாதா?"

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பஸ் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது. கோபம் யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை.

இடது கை

மேடம் உட்கார்ந்தார். பாதி மரியாதைக்காக, பாதி சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்புவதற்காக. மாரிசெல்வி குனிந்து, கரண்டியால் களியை எடுத்து இலையில் வைத்தாள்.

இடது கையால்.

முற்றத்திலிருந்து பேச்சியம்மாள் பார்த்துவிட்டார். "ஏட்டி கோட்டிக்காரி! பெரிய மனுஷிக்கு இடக்கையாலயா வைப்பாவோ? என்னட்டி ஆச்சு ஒனக்கு?"

எங்கள் பக்கம் இடது கையால் பரிமாறுவது என்றால் வீட்டுக்கு வந்தவரை வெளியே போ என்று சொல்வதற்குச் சமம். சின்னப் பிள்ளைகூடச் செய்யாது. மாரிசெல்வியின் முகம் சுண்டிப்போனது. கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். கை பாத்திரத்தின் விளிம்பு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"திட்டாதீங்கம்மா" என்றார் மேடம். குரலே மாறியிருந்தது. அது முதல்வர் அறையின் குரல் இல்லை, வார்டின் குரல். "கரண்டியைக் கீழ வைம்மா. வலது கையை மேல தூக்கு, பார்ப்போம்."

மாரிசெல்வி தூக்கப் பார்த்தாள். தோள் வரைக்கும்கூட வரவில்லை.

"ஒண்ணுமில்ல டீச்சர். சுளுக்கு."

நாக்கு ஒட்டிக்கொண்டிருந்த முப்பிடாதி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மேம், வந்ததுல இருந்து மல்லிகைப்பூ வாசம் வருது. ஆனா அக்கா தலையில பூ இல்ல."

மேடத்துக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பால் கட்டிக்கொண்டால் எங்கள் பக்கம் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றுவதற்காக. நான் மேடத்தின் காதில் சொன்னேன்.

மேடம் எழுந்தார். "முப்பிடாதி, மறுபடி கை கழுவு. நானும் கழுவணும்."

இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்த பேச்சியம்மாள், "ஒரு வாய் திங்கல, அதுக்குள்ள கை கழுவுதாவோ!" என்று மோவாயில் கையை வைத்துக்கொண்டார்.

உள்ளறையில் போய்ப் பார்த்தோம். வலது பக்க மார்பு சிவந்து, கல்லாக இறுகிப்போயிருந்தது. நல்ல காய்ச்சல் வேறு. சீழ் வைக்க ஆரம்பித்துவிட்டது என்று மேடம் தொட்டவுடனே சொன்னார்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல? ஊர் நர்ஸ் வந்தாங்கள்ல?"

மாரிசெல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூத்தவனுக்கும் இப்படித்தான் ஆச்சு டீச்சர். ஆஸ்பத்திரில சொன்ன ஒடனே பாலை நிப்பாட்டிட்டாவோ. டப்பாப் பால்தான் குடிச்சு வளந்தான். இவனுக்காவது குடுக்கணும்னு ஆசை. இந்தப் பக்கம் போனாப் போகட்டும், அந்தப் பக்கத்துப் பாலாவது கெடைக்கட்டும்னு, நானாத்தான் பூ வச்சுக் கட்டிக்கிட்டேன். அத்தைக்குக்கூடத் தெரியாது."

அதைச் சொல்லி முடித்ததும் அவள் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மேடம் அழவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பாலை நிறுத்த வேண்டியதில்லம்மா. யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. இதுக்கு மருந்து இருக்கு. சீழை எடுத்துட்டா சரியாயிடும். அந்தப் பக்கம் கொடுத்துக்கிட்டே இரு. இந்தப் பக்கத்தையும் பிழிஞ்சு விட்டுக்கிட்டே இருந்தா, ஆறினதும் இதுலயும் கொடுக்கலாம். நான் கூட வந்து டாக்டர்கிட்ட சொல்றேன்."

"நெசமாவா டீச்சர்?"

"நெசமா" என்றார் மேடம். சென்னை வாயில் அந்தச் சொல் அப்படி ஒட்டிக்கொண்டு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பஸ் போன வழி

எந்த பஸ்ஸை நிறுத்த வந்தாரோ அதே பஸ்ஸில் மாரிசெல்வியை ஏற்றினார் மேடம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேச்சியம்மாள் துவட்டியும் துவட்டாத பேரனைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னால் ஏறினார். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும் அந்த அம்மாளுக்கு இரண்டு கவலை. மருமகள் தன்னிடம் சொல்லவில்லையே என்பது ஒன்று. போட்ட இலையில் பெரிய டீச்சர் கை வைக்காமல் எழுந்துவிட்டாரே என்பது இன்னொன்று. எது பெரிய கவலை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுடலை அண்ணாச்சி அன்று குற்றாலத்தின் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை. அப்படி ஒரு நேர்வழி இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. மேடம் தினமும் கல்லூரி முடிந்து, வீட்டுக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு, வார்டுக்கு ஓர் எட்டுப் போய் வந்தார். அவர் வீடு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

பேச்சியம்மாள் விடவில்லை. ஒரு நாள் தூக்குச்சட்டியில் களியோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். மேடம் ரொம்ப மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் தூக்குச்சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சாப்பிடுங்க வடிவு. இந்த வழவழப்பு எனக்குத் தொண்டையில இறங்கவே இறங்காது. சின்ன வயசுலேர்ந்தே."

நான் சாப்பிட்டேன். பஸ்ஸைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆசிரியர் கூட்டத்திலும் அந்தப் பேச்சு எழவில்லை. மாதிரி வீட்டில் முதல் வருடப் பிள்ளைகள் கோமதி முன்னால் பேப்பர் விரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த புதன்கிழமை வருகிறதே என்று எனக்குத் தூக்கமே இல்லை.

புதன்கிழமை காலையில் பஸ் வாசலில் நின்றது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல். ஏன் என்று எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் ரெஜினா மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய செய்தித்தாள்.

"ஏறுங்க வடிவு, நேரமாச்சு. இனிமே முறை வச்சு எல்லா டீச்சரும் வரணும். பிரசவம் சொல்லித்தர்றவங்க, குழந்தை மருத்துவம் சொல்லித்தர்றவங்க, எல்லாரும். இந்த வாரம் நான்." அப்புறம் டிரைவர் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, போகும்போது நேரா போங்க. வரும்போது எப்படி வந்தாலும் நான் பாக்கல."

பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பஸ் குலுங்கியது.

மாரிசெல்வி வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, மறுபடி மேடத்தோடு அங்கே போனோம். அன்றும் முப்பிடாதிதான். பேப்பரை விரித்தாள், பையை வைத்தாள், கை கழுவினாள். பேச்சியம்மாள் அந்தப் பேப்பரைத் தொடவில்லை. பக்கத்தில் இன்னொரு பேப்பரை விரித்து அதன் மேல் இலையைப் போட்டார். "அது பைக்கு. இது டீச்சருக்கு" என்றார் எனக்குப் பாடம் நடத்துகிற தோரணையில்.

குழந்தை தூளியில் தூங்கியது. இரண்டு பக்கமும் குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்றாள் மாரிசெல்வி, கேட்காமலே. களிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, கரண்டியை எடுத்தாள்.

வலது கை. பாத்திரத்துக்குள் இறங்கி, நன்றாக மேலே வந்து, இலையில் வைத்துவிட்டு இறங்கியது.

மேடம் இலையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையில் அது இறங்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"இன்னும் ஒரு கரண்டி வைம்மா" என்றார்.